ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்தில் இரண்டு கார்கள்

அக்கா மகன் ப்ளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு விடுமுறைக்கு மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வந்த இரண்டாம் நாள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "மாமா, ஃபெராரி எஃப்40 உச்ச வேகம் 324. லெக்சஸ் எல்எஃப்ஏ 325. அப்ப லெக்சஸ்தானே பெருசு?" என்று கேட்டான்.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன். முதல் வருடம் சேருகிற பையன்கள் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: எது வேகம், எது பெருசு. கேள்வியில் தப்பில்லை. ஆனால் இந்த இரண்டு கார்களையும் அந்தக் கேள்வியால் அளக்க முடியாது. ஒன்று 1987-இல் இத்தாலியில் வெளியானது. மற்றது 2010 டிசம்பரில் ஜப்பானில் தயாரிப்புக்கு வந்தது. நடுவில் இருபத்து மூன்று வருடங்கள். சிலிண்டர் எண்ணிக்கை வேறு, இன்ஜின் உட்கார்ந்திருக்கும் இடம் வேறு, கியர் வேறு, உடம்பைச் செய்த விதம் வேறு. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கார்கள் கடைசியில் ஒரே ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்தில் வந்து நிற்கின்றன. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். அவனுக்கு இரண்டு மூன்று நாளாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கார் பற்றி எதுவும் தெரியாதவர்களும் கூடவே வரலாம்.

முதலில் அந்த எண். மணிக்கு 325 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 90 மீட்டர். செல்லூர் கபடிக்குப் பேர்போன ஊர் என்பதால் அவனுக்கு ஆடுகளக் கணக்கில் சொன்னேன். ஒரு கபடி ஆடுகளத்தின் நீளம் 13 மீட்டர். ஏழு ஆடுகளங்களை வரிசையாகப் போட்டால் இந்தக் கார் அத்தனையையும் ஏறக்குறைய ஒரே வினாடியில் கடந்துவிடும். நத்தம் சாலை மேம்பாலம் சுமார் 7.3 கிலோமீட்டர். அதன் ஒரு முனையில் இதே வேகத்தில் நுழைகிற கார் மறுமுனையைத் தொட 81 வினாடி போதும். கணக்கு மனதில் பதிவதற்காகச் சொல்கிறேன். அந்த வேகத்தைத் தொடுவதற்கென்றே கட்டிய பாதைகள் இருக்கின்றன, அங்கே மட்டும்தான் அது நடக்க வேண்டும்.

இவ்வளவு வேகத்தில் காரைத் தடுப்பது காற்று. பைக்கில் 40-இல் போகும்போது தெரியாத காற்று 80-இல் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது அல்லவா? வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான திறன் எட்டு மடங்காகிறது. எஃப்40-இன் திறன் 478 குதிரைத்திறன், எல்எஃப்ஏ-வுக்கு 560. நம் ஊரில் ஓடுகிற 100 சிசி பைக் சுமார் 8 குதிரைத்திறன் தரும். எழுபது பைக்குகளின் வேலையை எல்எஃப்ஏ தனியாகச் செய்கிறது. எஃப்40-ஐ விட 82 குதிரைகள் அதிகம் இருந்தும் வேகத்தில் கூடியது ஒரு கிலோமீட்டர்தான். அந்த வேகத்துக்குப் போய்விட்ட பிறகு குதிரைகளைக் கூட்டினால் அதே விகிதத்தில் வேகம் கூடாது. காரின் அகலம், உருவம், பின்னால் இருக்கும் இறக்கை எல்லாம் குறுக்கே வந்துவிடும். அதனால் உச்ச வேகத்தை மட்டும் பார்த்துக் காரை எடைபோடுவது, மார்க் ஷீட்டில் மொத்தத்தை மட்டும் பார்த்துப் பையனைத் தெரிந்துகொண்டதாக நினைப்பது போல.

சரி, பிறகு எதைப் பார்ப்பது? நான் பார்ப்பது, அந்தக் காரைச் செய்தவர்கள் அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை.

1929-ஆம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் இத்தாலியின் மொடெனா நகரத்தில் என்ஸோ ஃபெராரி ஒரு பந்தய அணியைத் தொடங்கினார். கார் கம்பெனி இல்லை, பந்தய அணி. ஆல்ஃபா ரோமியோ கார்களைத் தயார் செய்து பந்தயத்தில் ஓட்டுவதுதான் அதன் வேலை. ஃபெராரி என்ற பெயரில் முதல் கார் வந்தது 1947-இல்தான். அதற்கப்புறமும் அவருக்கு உயிர் பந்தயத்தில்தான் இருந்தது. சாலையில் ஓடும் கார்களை விற்றது பந்தயச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பதற்காக.

அதே 1929-இல் ஜப்பானில் நடந்தது வேறு. சகிச்சி டொயோடா என்ற தறிக்காரர் 1924-இல் ஒரு தானியங்கித் தறியைச் செய்து முடித்திருந்தார். அந்தத் தறியின் உரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். அவருடைய மகன் கீச்சிரோ கார் இன்ஜின் ஆராய்ச்சியில் இறங்கினார். 1933-இல் தறிக் கம்பெனிக்குள்ளேயே ஒரு கார் பிரிவு வந்தது, 1937-இல் அது தனிக் கம்பெனியானது. அதுதான் டொயோட்டா. லெக்சஸ் அந்த வீட்டுப் பிள்ளை.

ஆக ஒரு வீடு பந்தயத்திலிருந்து காருக்கு வந்தது, மற்றது தறியிலிருந்து காருக்கு வந்தது. இதைச் சொன்னதும் வாசலில் கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். அவர் நாற்பது வருடம் தறி ஓட்டியவர்.

முதலில் எஃப்40. 1980-களின் நடுவில் குரூப் பி என்ற பந்தயப் பிரிவு இருந்தது. அதற்காக ஃபெராரி 288 ஜிடிஓ என்ற காரைச் செய்து, அதிலிருந்து இன்னும் கடுமையான ஒரு பந்தய வடிவத்தையும் உருவாக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிரிவில் விபத்துகளும் சாவுகளும் தொடர்ந்ததால் 1986-ஓடு அதை மூடிவிட்டார்கள். பந்தயம் போய்விட்டது, செய்த வேலை கையில் இருந்தது. கம்பெனியின் நாற்பதாம் ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வேலையையே சாலைக் காராக மாற்றினார்கள். ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் கார் தயார். 1987 ஜூலை 21-ஆம் தேதி மரனெல்லோவில் துணியை விலக்கிக் காட்டினார்கள். நாற்பது வருடம், அதனால் எஃப்40. அடுத்த வருடம் ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி காலமானார். அவர் கண்பார்த்து ஒப்புதல் கொடுத்த கடைசி சாலைக் கார் இது.

எல்எஃப்ஏ-வின் கதை எதிர்த்திசை. 2000-இல் வேலை தொடங்கியது. தலைமைப் பொறியாளர் ஹருஹிகோ தனஹாஷி. முதலில் அலுமினிய உடம்போடுதான் திட்டமிட்டார்கள். ஏறக்குறைய ஐந்து வருடம் உழைத்த பிறகு, அலுமினியம் போதாது, கார்பன் ஃபைபருக்கு மாறுவோம் என்று முடிவெடுத்தார்கள். பாதிக் கிணறு தாண்டியபின் திரும்பி வந்து மறுபடி தாண்டுவது போன்ற வேலை அது. 2009 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் முழுக்காரைக் காட்டினார்கள், 2010 டிசம்பரில் தயாரிப்பு தொடங்கியது. பத்து வருடம்.

அந்தப் பத்து வருடத்தில் ஒரு உயிரும் போயிருக்கிறது. ஹிரோமு நருசே டொயோட்டாவின் தலைமைச் சோதனை ஓட்டுநர். இந்தக் காரின் குணத்தை உட்கார்ந்து உட்கார்ந்து செதுக்கியவர். 2010 ஜூனில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சோதனை எல்எஃப்ஏ-வை ஓட்டிக்கொண்டு போனபோது விபத்தில் இறந்தார். அவர் தயார் செய்த கார் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை. எல்எஃப்ஏ பற்றி எப்போது பேசினாலும் நான் அவர் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை.

இனி இன்ஜின். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் புரிந்தால் பாதி புரிந்த மாதிரி. இன்ஜின் என்பது காற்றை உள்ளே இழுத்து, பெட்ரோலோடு கலந்து எரித்து, அந்த வெடிப்பில் பிஸ்டனைத் தள்ளும் கருவி. அதிக சக்தி வேண்டும் என்றால் அதிகக் காற்று வேண்டும். அதற்கு வழிகள் உண்டு: இன்ஜினைப் பெரிதாக்கலாம், வேகமாகச் சுழலவைக்கலாம், இல்லையென்றால் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கலாம்.

எஃப்40 திணித்தது. அதன் இன்ஜின் 2,936 சிசி, எட்டு சிலிண்டர், இரண்டு டர்போ. டர்போ என்பது கொல்லன் பட்டறையில் இருக்கும் துருத்தியின் வேலையைச் செய்வது. துருத்தியை ஆள் மிதிக்க வேண்டும். டர்போவை, இன்ஜின் வெளியே தள்ளுகிற புகையே சுற்றிவிடுகிறது. வீணாகப் போகும் சூடான புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுற்ற, அதே தண்டின் மறுபுறத்தில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் அனுப்புகிறது. லிட்டருக்கு 163 குதிரைத்திறன் என்ற கணக்கு இப்படித்தான் வந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புகை போதுமான வேகத்தில் வந்தால்தான் சக்கரம் வேகமெடுக்கும். காலை அழுத்தியவுடனே சக்தி வந்துவிடாது. ஒரு கணம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு மொத்தமாக வந்து தள்ளும். அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ வாடிவாசல் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கதவு திறந்த பிறகும் சில காளைகள் உள்ளேயே நிற்கும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். அடுத்த நொடி, கண் இமைப்பதற்குள் திட்டிவாசலைத் தாண்டியிருக்கும். டர்போ தாமதம் என்று பாடப்புத்தகத்தில் நாங்கள் எழுதிப்போடுவது அந்த ஒரு நொடியைத்தான். இன்றைய டர்போக்களில் அதைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். எஃப்40-இல் அது முழுசாக இருக்கிறது. ஓட்டுகிறவன் வளைவில் அந்த நொடியை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும்.

எல்எஃப்ஏ துருத்தி வைக்கவில்லை. தன் மூச்சிலேயே ஓடுகிறது. 4,805 சிசி, பத்து சிலிண்டர், யமஹாவோடு சேர்ந்து செய்த இன்ஜின். திணிக்காமல் சக்தி வேண்டும் என்றால் வேகமாகச் சுழல வேண்டும். இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். அதாவது ஒவ்வொரு பிஸ்டனும் வினாடிக்கு 150 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. அந்த ஓட்டத்தைத் தாங்குவதற்காக வால்வுகளையும், பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளையும் டைட்டானியத்தில் செய்தார்கள். பத்து சிலிண்டருக்கும், உள்ளே போகும் காற்றை அளந்து விடும் த்ராட்டிலைத் தனித்தனியாக வைத்தார்கள். சும்மா நிற்கிற நிலையிலிருந்து 9,000 சுற்றுக்கு ஏற 0.6 வினாடி. சாதாரண முள் வைத்த மீட்டர் அந்த வேகத்தில் கூடவே ஓட முடியாது என்பதால் திரையில் வரையப்பட்ட முள்ளை வைத்தார்கள். இந்த ஒரு விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். இன்ஜின் வேகமாக இருக்கிறது என்று ஆயிரம் பேர் சொல்லலாம். முள்ளால் பிடிக்க முடியவில்லை என்பது வேறு.

டார்க் என்ற சொல்லையும் இங்கேயே முடித்துவிடலாம். டார்க் என்பது சக்கரத்தைத் திருப்பும் விசை, குதிரைத்திறன் என்பது அந்த விசையை எவ்வளவு வேகமாகத் தர முடிகிறது என்பது. வாழைத்தார் ஏற்றிய மினி லாரி மலைப்பாதையில் ஏற டார்க் வேண்டும். எஃப்40-இன் டார்க் 577 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 சுற்றிலேயே கிடைத்துவிடும். எல்எஃப்ஏ-வுக்கு 480தான். ஆனால் அதில் தொண்ணூறு சதவீதம் 3,700 சுற்றிலிருந்து 9,000 வரை கூடவே வரும். ஒன்று ஒரே இடத்தில் குத்துகிறது, மற்றது கடைசி வரை கைவிடாமல் இழுக்கிறது.

இப்போது எனக்குச் சொந்தமான இடத்துக்கு வருகிறேன். கார்பன் ஃபைபர்.

அக்கா மகன் தன் பைக்கின் மட்கார்டில் கார்பன் ஃபைபர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். கறுப்பில் சின்னச் சின்னக் கட்டங்கள் சாய்வாக ஓடும், வெயிலில் மினுமினுக்கும். வெளி வீதிக் கடை ஒன்றில் வாங்கியதாம். அப்பா அதைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ரெண்டு மேல, ரெண்டு கீழ. சாய்வா ஓட்டியிருக்கான்" என்றார். பிறகு நகத்தால் ஓரத்தைக் கீறிப் பார்த்துவிட்டு, "நெசவு இல்லய்யா, படம்" என்றார்.

அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் உண்மையான பொருள் துணிதான். அக்ரிலிக் மாதிரியான ஓர் இழையை, காற்று படாமல் கடும் சூட்டில் கருக்கினால் மற்றதெல்லாம் போய்க் கரி மட்டும் நிற்கும். அந்த இழையின் தடிமன் நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்து ஒரு நூலாக்கி, நீளவாட்டில் பாவும் குறுக்குவாட்டில் ஊடையுமாக நெய்து, பிசினில் தோய்த்து, அச்சில் வைத்து அழுத்திச் சுட்டு எடுத்தால் எஃகின் வலு வரும், எடை அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும்.

ஆனால் அந்த வலு இழை ஓடுகிற திசையில் மட்டும்தான். வீட்டில் இருக்கும் வேட்டி ஒன்றை எடுத்துப் பாருங்கள். நீளவாட்டில் இழுத்தால் கொடுக்காது. அகலவாட்டில் இழுத்தாலும் கொடுக்காது. மூலைக்கு மூலை பிடித்து இழுங்கள், நெகிழ்ந்து கொடுக்கும். காரும் அப்படித்தான். எந்த இடத்தில் எந்தத் திசையிலிருந்து விசை வரும் என்று பார்த்து, அந்தத் திசையில் இழை போட வேண்டும். கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்கி நிற்கும் தூண், வளைவில் முறுக்கப்படும், கார் கவிழ்ந்தால் நசுக்கப்படும். அங்கே தட்டையான துணியை வெட்டி ஒட்டினால், ஒட்டிய இடம் எப்போதும் பலவீனம்தான்.

டொயோட்டா அதற்கு என்ன செய்தது என்றால், ஒரு தறி கட்டியது. வட்டமான தறி. சுற்றிலும் நூல் சுற்றிய கண்டுகள் வரிசையாக நிற்க, நடுவில் அச்சு மெல்ல நகர, எல்லாப் பக்கத்திலிருந்தும் கார்பன் நூல்கள் அதன்மேல் பின்னிக்கொண்டே போகும். ஜடை பின்னுவது மாதிரி, ஆனால் உள்ளே வளைந்த தூணின் உருவம். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. தறியில் பிறந்த கம்பெனி, முக்கால் நூற்றாண்டு கார் செய்த பிறகு, தன் மிக உயர்ந்த காருக்காக மறுபடி தறியின் முன்னால் போய் உட்கார்ந்தது. இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் எங்கள் வீட்டு முன்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு விசைத்தறிகள் நின்ற இடத்தில் இப்போது பைக்குகள் நிற்கின்றன. சிமெண்ட் தரையில் தறிக்கால்களின் தடம் இன்னும் இருக்கிறது.

எல்எஃப்ஏ உடம்பின் எடையில் 65 சதவீதம் பிசினோடு சேர்ந்த கார்பன் ஃபைபர், மிச்சம் அலுமினியம். அலுமினியத்திலேயே செய்திருந்தால் இருந்திருக்கும் எடையை விட சுமார் 100 கிலோ குறைவு. அந்த 100 கிலோவுக்காகத்தான் ஐந்து வருட வேலையைத் தள்ளிவைத்தார்கள்.

எஃப்40-இலும் கார்பன் உண்டு, அதுவும் 1987-இல். ஆனால் முறை வேறு. அடியில் எஃகுக் குழாய்களால் ஆன கூடு. அதன்மேல் கார்பனும் கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழையும் கலந்த பலகைகளை ஒட்டி இறுக்கினார்கள். எடை கூடக் கூடாது என்று பெயின்ட்டை அவ்வளவு மெல்லிசாக அடித்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் சிவப்புக்கு அடியில் நெசவு தெரியும். விலை உயர்ந்த காரில் அது குறையாகத் தெரியலாம். ஃபெராரி அதை மறைக்கவே இல்லை. பந்தய மைதானத்தில் யாரும் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை.

உள்ளே உட்கார்ந்தாலும் அதே புத்திதான். எஃப்40-இல் ரேடியோ கிடையாது, தரையில் விரிப்பு கிடையாது. கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு கம்பி வடம், அதைப் பிடித்து இழுக்க வேண்டும். முதலில் வந்த கார்களில் ஜன்னல் பிளாஸ்டிக், நகர்த்தித் திறக்கிற வகை. பவர் ஸ்டியரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை, பிரேக்குக்கு உதவி விசையும் இல்லை. 324 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரை நிறுத்துவது உங்கள் காலின் பலம். ஐந்து கியர், கிளட்ச் மிதித்து, உலோகத் தட்டில் வெட்டிய பள்ளங்களுக்குள் லீவரைத் தள்ள வேண்டும். பெட்ரோல் டேங்க் கூட பந்தயக் கார்களில் இருப்பது போன்ற ரப்பர் பை. குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

எல்எஃப்ஏ-வில் தோல் இருக்கை, ஏசி, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. கியர் மாற்ற ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகள், கிளட்ச் பெடலே கிடையாது. ஆறு கியர். எடை சமமாகப் பிரியட்டும் என்று இன்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி, கியர்பாக்ஸைக் காரின் பின்புறத்தில் வைத்தார்கள். முன்னால் 48 சதவீதம், பின்னால் 52. இதில் என் மனம் ஒப்பாத ஒரே இடம் அந்தக் கியர்பாக்ஸ். ஒற்றைக் கிளட்ச். 2010-இல் மற்றவர்களில் பலர் இரட்டைக் கிளட்சுக்குப் போய்விட்டார்கள். அதில் கியர் மாறுவது தெரியவே தெரியாது. எல்எஃப்ஏ-வில் ஒவ்வொரு மாற்றமும் ஒரு சிறு உலுக்கலாக வரும். 9,000 சுற்றுக்குப் பறக்கிற இன்ஜினுக்கு இன்னும் நல்ல ஜோடி கிடைத்திருக்கலாம்.

எடைக் கணக்கில் கவனம் வேண்டும். எஃப்40 1,100 கிலோ என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கும். அது எண்ணெய், தண்ணீர், பெட்ரோல் எதுவும் ஊற்றாத காய்ந்த எடை. எல்எஃப்ஏ-வின் 1,480 கிலோ எல்லாம் ஊற்றிய எடை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பாகிவிடும். எஃப்40-ஐயும் நிரப்பிப் பார்த்தால் 1,250 கிலோவை ஒட்டி வரும். அப்படிப் பார்த்தால் இரண்டு காரிலும் ஒரு குதிரை இழுக்கும் எடை ஏறக்குறைய 2.6 கிலோ. இங்கேயும் சமம்! எந்தக் காரைப் பற்றிப் படித்தாலும், எடை காய்ந்ததா ஈரமா என்று முதலில் பாருங்கள். என் மாணவர்களுக்கு இதைப் பரீட்சையில் கேட்பேன்.

இரண்டையும் எதிரெதிராக நிறுத்தியே இதுவரை சொல்லிவிட்டேன். ஆனால் எஃப்40-இன் டர்போக்களைச் செய்தது ஐஎச்ஐ என்ற ஜப்பான் நிறுவனம். எல்எஃப்ஏ-வின் கார்பன் செராமிக் பிரேக்குகளைச் செய்தது இத்தாலியின் பிரெம்போ. இத்தாலியின் கார் ஜப்பான் துருத்தியில் மூச்சு விடுகிறது, ஜப்பானின் கார் இத்தாலியின் கைப்பிடியில் நிற்கிறது.

எண்ணிக்கை, விலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்எஃப்ஏ 500தான் என்று முதலிலேயே சொல்லி, மாதம் 20 வீதம் செய்து, 2012 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு இன்ஜினையும் ஒரே ஆள் கட்டி, தன் பெயர் பொறித்த தகட்டை அதில் பதித்தார். எஃப்40 400 கார் என்று நினைத்துத் தொடங்கியது. கேட்டவர்கள் விடவில்லை, 1,300-ஐத் தாண்டிவிட்டது. எல்எஃப்ஏ புதிதாக வந்தபோது அமெரிக்காவில் 3,75,000 டாலர். இன்று ஏலத்துக்கு வந்தால் இரண்டுமே அன்றைய விலையை வெகுவாகத் தாண்டும், எஃப்40 இன்னும் மேலே.

எது எனக்குப் பிடிக்கும் என்று அவன் விடாமல் கேட்டான். எல்எஃப்ஏ என்றேன். எஃப்40 எதையெல்லாம் வேண்டாம் என்று தூக்கிப்போட்டதோ அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் சரியில்லை என்று தெரிந்ததும் ஐந்து வருட வேலையைப் பிரித்துப் போட்டு மறுபடி நெய்தவர்கள் பக்கம்தான் என் மனசு போகிறது. அதற்குக் காரணம் நான் வளர்ந்த வீடு. எங்கள் தறியில் ஊடை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். பாவில் ஓர் இழை அறுந்தால் நிற்காது. கவனிக்காமல் விட்டால் துணி நெடுகக் கோடு ஓடிவிடும். அப்பா அரை மீட்டர் ஓடிய பிறகு பார்த்தாலும் தறியை நிறுத்தி, ஓடியதைப் பிரித்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவார். கூலியில் பிடித்தம் ஆகும். அம்மா திட்டுவார். இருந்தாலும் பிரிப்பார்.

அன்று சாயங்காலம் இரண்டு கார்களின் சத்தத்தையும் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டோம். பத்து சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு ஐந்து வெடிப்பு. 9,000 சுற்றில் வினாடிக்கு 750. யமஹா வாத்தியக் கருவிகளும் செய்கிற நிறுவனம். இன்ஜின் காற்றை இழுக்கும் ஓசை ஓட்டுகிறவனின் காதுக்கு வந்து சேர வேண்டும் என்று அதற்கென்றே வழி செய்து கொடுத்தார்கள். சத்தம் ஏறும்போது இன்ஜின் உறுமுகிற மாதிரியே இருக்காது, பாடுகிற மாதிரி இருக்கும். எஃப்40-இன் எட்டு சிலிண்டர் 7,000 சுற்றில் வினாடிக்கு 467 வெடிப்பு தரும். டர்போ நடுவில் உட்கார்ந்து புகையின் சத்தத்தை அமுக்கிவிடுவதால் குரல் கரகரப்பாக இருக்கும், கூடவே ஒரு விசில்.

ஊடை நூலைச் சுமந்து தறியில் குறுக்கே ஓடுவது நாடா. அப்பா அந்த நாடா அடிபடும் சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் என்ன கோளாறு என்று சொல்கிறவர். இரண்டையும் கண்ணை மூடிக் கேட்டார். "மொதல்ல ஓடுனது சீரா ஓடுது. ரெண்டாவதுல என்னமோ ஊதுது பாரு."

"அதுதான் தாத்தா டர்போ" என்று ஆரம்பித்த அக்கா மகன், இரண்டு கைகளையும் சக்கரமாகச் சுற்றிக் காட்டி, புகை இந்தப் பக்கம், காற்று அந்தப் பக்கம் என்று பத்து நிமிடம் விளக்கினான். ஒரு தப்புகூட இல்லை. அப்பா பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் அவனிடம், "அந்த ஜப்பான்காரர் தறி பாவு அறுந்தாலும் நிக்கும்னு உங்க மாமன் சொன்னான். நெசமா?" என்றார்.

நிஜம்தான். 1924-இல் செய்த அந்தத் தறி பாவு அறுந்தாலும் நிற்கும், ஊடை அறுந்தாலும் நிற்கும். அவன் தேடி, அது ஓடுகிற வீடியோ ஒன்றைக் கண்டுபிடித்துப் போனை அவர் கையில் கொடுத்தான். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, நூல் தீர்ந்த நாடா வெளியே தள்ளப்பட்டு அந்த இடத்தில் புது நாடா வந்து உட்கார்ந்தது. ஓட்டம் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

"தானா மாத்துது!" என்றார் அப்பா. பிறகு போனை அவனிடம் நீட்டி, "மறுபடி போடு" என்றார்.